கடைசி நான்கு கவச வண்டிகள்

துபாயில் என்ன வேலை பார்த்தாய் என்று ஊரில் யாராவது கேட்டால் வெல்டர் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பெரும்பாலோருக்கு அது போதும். கட்டடமா, கப்பலா, எண்ணெய்க் குழாயா என்று மேற்கொண்டு நோண்டுகிறவர்களிடம் வண்டி என்பேன். என்ன வண்டி என்று அதற்கு மேலும் கேட்டவர் என் மாமனார் ஒருவர்தான். "குண்டு துளைக்காத வண்டி மாமா, ராணுவத்துக்கு" என்றேன். "நீ ஒட்டுன வண்டியில நீ ஏறுவியா?" என்றார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே. விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியாக நான் வேலை செய்த ஆர்டரில் எட்டு வண்டிகளுக்கு ஒரு பதில், மீதி நான்கு வண்டிகளுக்கு வேறு பதில்.

எங்கள் ஒர்க்‌ஷாப் துபாயில் அல் கூஸ் தொழிற்பேட்டையில் இருந்தது. ஒரு பக்கம் கண்ணாடி குடோன், மறுபக்கம் கேக் டப்பா அச்சடிக்கும் இடம், நடுவில் பெயர்ப் பலகை இல்லாத ஒரு பெரிய ஷெட். உள்ளே வருவது புத்தம் புது லாரி சேஸ், மேலே கூடு இல்லாத வெறும் அடிச்சட்டம். வெளியே போவது பத்துப் பேர் துப்பாக்கியோடு உட்காரக்கூடிய கவச வண்டி. வாங்குகிறவர் யார் என்று வெளியே சொல்லக் கூடாதென்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஆகவே இதில் வரும் நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். தென் அமெரிக்கா, மலை, காடு, ஸ்பானிஷ் பேசும் ஜனங்கள். அவ்வளவு தெரிந்தால் போதும். அந்த ஷெட்டில் தன் கையெழுத்துக்கு மரியாதை கொடுத்தவன் நான் ஒருவனாவது இருக்கட்டும்.

என்னை அங்கே கொண்டுபோனவர் எங்கள் ஃபோர்மேன். அறந்தாங்கிப் பக்கம், எனக்கு அடுத்த ஊர். நான் திருச்சியில் பாய்லர் சாமான் செய்கிற ஒரு பட்டறையில் இருந்தபோது லீவில் வந்தவர், நான் போட்ட வெல்டிங் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தக் கைய வச்சுக்கிட்டு இங்க என்னடா பண்ற?" என்றார். இரண்டே மாதத்தில், ஏஜென்ட் யாரும் குறுக்கே இல்லாமல் விசா வந்தது. அது எத்தனை பெரிய விஷயம் என்று எங்கள் பக்கத்தில் கல்ஃப் போன எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் அம்மா அவர் வீட்டுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். இப்படி வந்தவன் விசா எடுத்துக் கொடுத்தவர் சொல்லுக்கு மறுசொல் சொல்வதில்லை. எழுதாத வழக்கம்தான், ஆனால் கேம்ப்பில் எழுதிய சட்டத்தைவிட அது ஒழுங்காக நடக்கும். சிலர் வேட்டி சட்டை துவைத்துப் போடுவார்கள். இவர் அப்படியெல்லாம் எதுவும் என்னிடம் கேட்டதில்லை. காய்ச்சல் வந்தால் ரூமுக்குக் கஞ்சி கொண்டுவருவார். அண்ணன் என்று கூப்பிட்டேன், அண்ணனாகவே இருந்தார்.

இந்தத் தொழிலில் எல்லாமே நம்பர். வண்டிக்குப் போடும் ஆர்மர் பிளேட் சாதாரண இரும்பு இல்லை. ஆலையில் ஒரே உலையில், ஒரே தடவை உருக்கியதற்கு ஒரு நம்பர் கொடுப்பார்கள். ஹீட் நம்பர் என்போம். அந்த நம்பரில் ஒரு துண்டை நிறுத்தி வைத்து நிஜத் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்து, துளை விழவில்லை என்று சான்றிதழ் கொடுப்பார்கள். பிறகு பெரிய பிளேட்டைத் துண்டு போடும்போது, வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டின் மேலும் அந்த நம்பரைச் சுத்தியலால் பன்ச் அடித்து இறக்கிவிட வேண்டும். நம்பர் இல்லாத துண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் காயலான் கடைக்குத்தான். ஒட்டி முடித்த வெல்டரும் தையல் ஓரத்தில் தன் நம்பரை அடிக்க வேண்டும். என் நம்பர் முப்பத்தொன்று. பிளேட் கெட்டியா மெத்தா என்று கண்ணால் பார்த்து எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. நம்பர்தான் சொல்லும்.

அந்த ராணுவம் பன்னிரண்டு வண்டிகள் கேட்டிருந்தது. அதோடு, வெட்டிய பிளேட்டுகளைப் பெட்டியில் அடைத்து அனுப்பினால் இன்னும் சில வண்டிகளைத் தங்கள் நாட்டிலேயே கட்டிக்கொள்வதாக ஏற்பாடு. எங்கள் வேலையைச் சரிபார்க்கவும், கட்டும் முறையைக் கற்றுக்கொள்ளவும் ஒரு சார்ஜென்ட்டை மூன்று மாதத்துக்கு அனுப்பியிருந்தார்கள். குட்டையான, தோள் அகன்ற ஆள். நிறத்தில் எனக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருப்பான். முதல் நாளே ஒரு ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் குந்திவிட்டான். வெல்டிங் ராடு பிடித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, ஆள் பேப்பர் பார்க்கிற ராணுவக்காரன் இல்லை, வெல்டர்.

அவனுக்கு ஆங்கிலம் அரைகுறை. எனக்கு அதுவும் இல்லை. அதனால் அவன் போனில் ஸ்பானிஷில் பேசுவான், போன் ஒரு பெண் குரலில் அதைத் தமிழில் சொல்லும். அந்தப் பெண் பட்டிமன்றத்துக்கு வந்தவள் மாதிரி பேசுவாள். "தயவுசெய்து அந்த உராய்வுக் கருவியை எனக்கு அளியுங்கள்" என்பாள். கிரைண்டரை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஷெட்டே சிரிக்கும். ஒரு மாதத்துக்குள் அவன் யல்லா, கலாஸ், ஜல்தி, அச்சா எல்லாம் கற்றுக்கொண்டான். என்னைக் கண்டால் "சாப்ட்டியா?" என்பான், காலை ஏழு மணிக்கும்.

மதிய இடைவேளையில் தன் ராணுவத்தின் வண்டிகளைப் போனில் காட்டுவான், கல்யாண ஆல்பம் காட்டுகிற மாதிரி, ஒன்று விடாமல். முதலில் அமெரிக்காக்காரன் எந்தக் காலத்திலோ கொடுத்த வண்டிகள். முன்னால் டயர், பின்னால் சங்கிலி. தாத்தா ஓட்டியதைப் பேரன் ஓட்டுகிறான். அடுத்தது பிரேசிலில் செய்த ஆறு சக்கர வண்டிகள். சில ஓடும், மற்றவை அந்தச் சிலவற்றுக்குச் சாமான் கழற்றிக் கொடுத்தே எலும்புக்கூடாகிவிட்டன. ஒவ்வொரு நாட்டு வண்டிக்கும் வேறு போல்ட், வேறு டயர், வேறு மொழியில் புத்தகம். "மெக்கானிக், கிரேஸி" என்று தன் நெற்றியில் தட்டிக்கொள்வான்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு அவர்களே கட்டிய வண்டிகளைக் காட்டினான். ராணுவப் பட்டறையில், லாரி சேஸின் மேல், சொந்தக் கையால் கட்டியவை. அழகு என்று சொல்ல மாட்டேன். நெல் மூட்டை லாரிக்கு இரும்புக் கூண்டு போட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் அவர்களுடைய விழா நாளில் கொடி கட்டி, பேண்டு வாசித்து, அதை ஊர்வலமாக விட்டிருக்கிறார்கள். முதல் வண்டியில் பாதித் தையல் அவன் போட்டது. அந்தப் பெருமை அவன் முகத்தில் தெரிந்தது.

கடைசிப் படத்தில் அதே மாதிரி ஒரு வண்டி சாலையோரம் சாய்ந்து கிடந்தது. அடித்தகடு வாழையிலை மாதிரி கிழிந்திருந்தது. அவன் போனைத் தொடையில் கவிழ்த்துவிட்டுப் பேசினான். "சாலையில் வெடி வைத்தார்கள். தகடு நல்லதல்ல. ஆனால் சான்றிதழ் நல்லதாக இருந்தது. ஓட்டுநர் என் நண்பர். நான்தான் அவரை வெளியே எடுத்தேன்" என்றாள் போன் பெண். செத்துப்போன அந்த நண்பனால்தான் வெளிநாட்டில் பிளேட் வாங்க முடிவெடுத்தார்களாம், தன்னைத்தான் அனுப்ப வேண்டும் என்று அடம்பிடித்து இவன் வந்தானாம். அதன் பிறகு அவன் ஒவ்வொரு துண்டையும் கருவி வைத்துத் தடிமன் பார்ப்பதும், ஹீட் நம்பரைச் சான்றிதழில் விரல் வைத்து ஒப்பிட்டுச் சாக்பீஸில் டிக் போடுவதும் எனக்குத் தொந்தரவாகப் படவில்லை. இவனை ஏமாற்றக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அப்போது அது சுலபமான நினைப்பு.

எட்டு வண்டிகள் முடிந்து யார்டில் நின்றன. கடைசி நான்குக்கு அடித்தகடு வரவில்லை. பிளேட் ஏற்றிய கப்பல் எங்கோ மாட்டிக்கொண்டது என்றார்கள். ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் நான்கு வண்டிக்கும் அடித்தகடு அளவாக வெட்டி, நம்பர் அடித்து, அடுக்கி வைத்திருந்தது. "வெளியில வெட்டிக் கொண்டாந்துட்டேன்" என்றார் ஃபோர்மேன். "நாலுக்கும் அடி நீயே போட்டுருடா. உன் கைதான் சுத்தம்." எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு அம்மாவுக்குப் போன் போட்டு அதைச் சொன்னேன்.

நான்கு வண்டியிலும் அடித்தகட்டைப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து நிறுத்தினேன், முழுத் தையல் இனிமேல்தான். ஒரு திங்கட்கிழமை, முதல் வண்டியின் அடியில் ஒயர் போக ஒரு துளை வேண்டியிருந்தது. டிராயிங்கில் விட்டுப்போயிருந்தது. ஆர்மர் பிளேட்டில் துளை போட ஸ்டோரில் கையெழுத்துப் போட்டுத் தனி டிரில் பிட் வாங்க வேண்டும். சாதாரண பிட்டை வைத்தால் கீச்சென்று கத்தி, நீலம் பாரித்து, மூக்கு மழுங்கிவிடும். அன்றைக்கு வேலை அவசரத்தில், டிரில்லில் முன்னமே மாட்டியிருந்த சாதாரண பிட்டோடு அழுத்திவிட்டேன். வாழைத்தண்டில் இறங்குவது போல அது பாட்டுக்கு இறங்கியது. நீள நீளமாகச் சுருள் வந்து என் பூட்ஸின் மேல் விழுந்தது.

ஆர்மரில் அப்படிச் சுருள் வராது. அது எம்.எஸ்., வீட்டு கேட்டுக்கும் ஜன்னல் கிராதிக்கும் போடுகிற மெத்து இரும்பு. தடிமன் சரியாக இருந்தது. ஹீட் நம்பர் சரியாக இருந்தது. சார்ஜென்ட்டின் சாக்பீஸ் டிக்கும் இருந்தது. மற்ற மூன்று வண்டிகளிலும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் பிட்டை வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சுருள்தான் வந்தது.

ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர் கீப்பர் யாழ்ப்பாணத்துக்காரர், என் ரூம்மேட். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த ஹீட் நம்பரில் பிளேட் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது எட்டாவது வண்டியோட முடிஞ்சுது. துண்டுகூட மிச்சம் இல்லை. ஏன் கேக்கிறீர்?"

சுருளை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"நம்பர் அடிக்கிற பன்ச் செட் யாருகிட்டண்ணே இருக்கு?"

"போன கிழமை உங்கட ஃபோர்மேன் வாங்கிக்கொண்டு போனவர். இன்னும் திருப்பித் தரேல்லை." கையிலிருந்த ரெஜிஸ்டரை மூடினார். "தம்பி, நான் உந்த வண்டியளை வெளியில நிண்டு பாத்து வளந்தவன். உள்ளுக்கு இருக்கிறவன் சாகோணும் எண்டு கோயில்ல நேர்ந்தனான். இப்ப உதுக்கே சாமான் எடுத்துக் குடுத்துச் சீவிக்கிறன். என்னட்டை நியாயம் கேளாதையும். ஆனா உள்ளுக்கு இருக்கிறவனுக்கும் தாய் இருக்குது."

டீ நேரத்தில் ஃபோர்மேனைத் தனியாகப் பிடித்தேன். "அண்ணே, அடி எம்.எஸ். போட்டிருக்கு" என்றேன். தவறு நடந்திருக்கிறது, இவருக்குத் தெரியாது, துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் டீயை ஊதினார்.

"தெரியும்டா. அந்த நாலும் ட்ரெயினிங் வண்டி. டிரைவர் பழகுறதுக்கு. அவனுங்க மைதானத்துக்குள்ளயே சுத்தும், சண்டைக்குப் போகாது. கப்பலுக்குத் தேதி ஆயிருச்சு, பிளேட்டு வர ரெண்டு மாசமாகும். மேல எல்லாத்துக்கும் தெரியும்."

"சார்ஜென்ட்டுக்கு?"

"அவனுக்கும் சொல்லியாச்சு. நீ போயி எதையாவது உளறி வைக்காத."

நான் நம்பினேன். இல்லை, இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நம்புவது வசதியாக இருந்தது. மைதானத்தில் சுற்றுகிற வண்டி என்றால் எதற்காக அதில் பொய் நம்பர் அடிக்க வேண்டும்? சொல்லியாச்சு என்றால் அந்த மனுஷன் எதற்காக ஒவ்வொரு துண்டாக விரல் வைத்து ஒப்பிட வேண்டும்? எல்.கே.ஜி. பிள்ளைகூட கேட்டிருக்கும். கேட்டால் அண்ணன் முகம் மாறும் என்று நான் கேட்கவில்லை. மைதானத்தில் யாரோ ஒரு டிரைவர், அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டு திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் ஒட்டினேன். நல்ல தையல்தான் போட்டேன். ஓரத்தில் முப்பத்தொன்றும் அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சார்ஜென்ட் என்னை பர் துபாய்க்குக் கூட்டிக்கொண்டு போனான். அவன் மகளுக்குத் துணி எடுக்க வேண்டும். அவர்கள் நாட்டில் பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறைந்தால் உறவை எல்லாம் கூட்டி, பெரிய கவுன் போட்டு, விருந்து வைத்து ஆடுவார்களாம். "அட, சடங்கு!" என்றேன். தாய்மாமன் சீர் உண்டா என்றும் கேட்டேன். போன் பெண் தாய்மாமனை என்னவென்று சொன்னாளோ, மெட்ரோவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். மீனா பஜாரில் நாலு கடை ஏறி இறங்கினோம். கடைக்காரரோடு இந்தியில் மல்லுக்கட்டியது நான். ரோஜா நிறத்தில் ஜரிகை போட்ட துணியை அவன் தன் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது, கடைக்காரர் உட்பட எல்லோருக்கும் சிரிப்பு.

பிறகு ஒரு கஃபட்டேரியாவில் டீ குடித்தோம். எந்த வண்டி எந்தப் படைப்பிரிவுக்கு என்று பட்டியல் எழுதுவதும் அவன் வேலை. போனில் அதைத் திறந்து, கடைசி நான்கு வண்டிகளின் மேல் விரலை வைத்து, பிறகு தன் நெஞ்சைத் தொட்டான். போனில் பேசினான்.

"இந்த நான்கு வண்டிகளும் என் சொந்தப் பிரிவிற்குச் செல்கின்றன. மலைச்சாலை. அங்கேதான் வெடி வைக்கிறார்கள். நான் வேண்டுமென்றே இவற்றைத் தேர்ந்தெடுத்தேன். ஏனெனில் அடித்தகடு முழுவதையும் பற்றவைத்தவர் நீங்கள்."

"ட்ரெயினிங்?" என்றேன். "ட்ரெயினிங் வண்டி?"

"நோ ட்ரெயினிங்" என்றான் அவன், நான் என்ன கேட்கிறேன் என்று புரியாமல் சிரித்துக்கொண்டே. பிறகு தன் ஆட்களின் படத்தைக் காட்டினான். பத்தொன்பது, இருபது வயது முகங்கள். ஒருவன் அடுத்தவன் தலைக்குப் பின்னால் விரலைக் கொம்பு மாதிரி வைத்திருந்தான். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். ஆறு நாளாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்த மைதானம் எங்கேயும் இல்லை. என் அண்ணன் என்னிடம், கண்ணைப் பார்த்து, பொய் சொல்லியிருக்கிறார்.

நம்ப நட, நம்பி நடவாதே என்று அம்மா எப்போதும் சொல்வாள். கும்பிட்டுவிட்டு வந்த வீட்டைப் பற்றி அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை. ரூமுக்கு வந்து ஸ்டோர் கீப்பரிடம் சொன்னேன். வாயைத் திறந்தால் விசா கேன்சல். அண்ணன் முகத்தில் முழிக்க முடியாது, ஊரில் அவர் வீட்டு வழியாக நடக்க முடியாது. வாயை மூடினால் அந்த முகங்கள். "சொல்லும்" என்றார் அவர். "சொல்லாட்டி நீர் வீட்டை போய் என்னெண்டு சோறு தின்னுவீர்?"

திங்கட்கிழமை டீ நேரம், ஷெட்டில் ஆள் இல்லாத பத்து நிமிஷம். சார்ஜென்ட்டை வண்டிக்கு அடியில் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் பழைய ஆர்மர் துண்டு ஒன்றில் சாதாரண பிட்டை வைத்து அழுத்தச் சொன்னேன். கத்தியது, நீலமானது. பிறகு அதே மாதிரி இன்னொரு பிட்டை மாட்டி, அவன் கையைப் பிடித்து அடித்தகட்டில் வைத்தேன். சுருள் வந்தது. போன் பெண்ணுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. அவன் சுருளைக் கையில் எடுத்தான். முகம் செத்துவிட்டது. நம்பரைத் தடவினான், தன் சாக்பீஸ் டிக்கைப் பார்த்தான். எழுந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எர்மானோ, எர்மானோ" என்றான். சகோதரா என்று அர்த்தம், அது முன்பே தெரியும். "மன்யானா" என்றான். நாளை.

நாளைக்கு நான்கு வண்டியையும் கவிழ்த்து அடியை அறுத்து எடுக்கச் சொல்வான், நல்ல பிளேட் வரும்வரை கப்பல் காத்திருக்கும் என்று நினைத்தேன். வேலை போனால் போகட்டும். அன்றைக்கு இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் ஃபோர்மேன் கூப்பிட்டார். அதற்குள் சார்ஜென்ட் ஆபீஸில் போய்க் கேட்டிருக்கிறான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லிட்டியாடா."

"ட்ரெயினிங்னு எங்கிட்ட பொய் சொன்னியேண்ணே."

"வேற எவனுக்காவது அந்த வேலையக் குடுத்தா கேள்வி கேப்பான். நீ கேக்க மாட்டேன்னுதான்டா உனக்குக் குடுத்தேன்." அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் அவரைக் கழுத்தறுத்தவன் போல ஒரு வருத்தம் இருந்தது. "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதுல யார் நம்பர் இருக்கு? முப்பத்தொண்ணு. என் நம்பர் எங்கயாச்சும் இருக்கா, போயிப் பாரு. உங்கம்மாகிட்ட அப்ப என்ன சொல்லுவ?"

உன் கைதான் சுத்தம் என்றாரே, அவர் தேர்ந்தெடுத்தது என் கையை இல்லை, திறக்காத என் வாயை. விசா எடுத்துக் கொடுத்த நாளிலிருந்தே இதற்காக வைத்திருந்தாரோ என்றுகூடத் தோன்றியது. இருக்காது. தேவைப்பட்டபோது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன், எடுத்துக்கொண்டார். எனக்கு எது அதிகம் வலிக்கிறது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் யாரும் வண்டியைக் கவிழ்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான்கும் பெயின்ட் அறைக்குப் போயின. புதன்கிழமை பச்சையாக வெளியே வந்து மற்ற எட்டோடு யார்டில் நின்றன. சார்ஜென்ட் இரண்டு நாளாக ஷெட் பக்கம் வரவில்லை. ஆபீஸில் இருக்கிறான், பேசிக்கொண்டிருக்கிறான், சண்டை போடுகிறான் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் சண்டை என்பதையே நம்பினேன். வேறு யாரிடமும் போய்ச் சொல்ல எனக்கு இடம் இல்லை. மேலே எல்லோருக்கும் தெரியும் என்று ஃபோர்மேன் சொன்னது மட்டும் பொய் இல்லை.

வியாழக்கிழமை மதியம், நான் ஷெட்டின் பின்பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்தபோது அவன் ஓடி வந்தான். நிஜமாகவே ஓடி வந்தான். கண் கலங்கியிருந்தது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு போனில் மூச்சுவிடாமல் பேசினான்.

"மிக்க நன்றி, சகோதரரே. நீங்கள் என் பிள்ளைகளைக் காப்பாற்றினீர்கள். நான் பட்டியலை மாற்றிவிட்டேன். என் பிரிவிற்கு முதல் நான்கு வண்டிகள் செல்கின்றன. அவை நல்ல வண்டிகள். நான் துளையிட்டுச் சோதித்தேன்."

பட்டியலைக் காட்டினான். முன்பு இருந்த இடத்தில் அந்த நான்கும் இல்லை. வேறு ஏதோ ஊர்ப் பெயருக்கு எதிரே இருந்தன. அடியில் வண்டிகளைப் பெற்றுக்கொண்டதாக அவன் கையெழுத்து.

"கட் பண்ணலையா?" என்றேன். சைகையில் அறுத்துக் காட்டினேன்.

"எங்கள் கர்னல் முன்பே ஒப்புதல் அளித்துவிட்டார். விழா நாள் முடிவாகிவிட்டது. என்னால் நிறுத்த இயலாது. மாற்ற மட்டுமே இயன்றது."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, அது எனக்குப் புரிகிறது. ஆனால் இவன் சாலையோரம் கிழிந்து கிடந்த வண்டியிலிருந்து நண்பனை இறக்கியவன். மெத்துத் தகடு என்ன செய்யும் என்று இந்த ஷெட்டில் கண்ணால் பார்த்தவன் இவன் ஒருவன்தான். நான் போனை அவன் கையிலிருந்து வாங்கி, என் வாய்க்கு நேரே வைத்து, தமிழிலேயே கேட்டேன். "அப்ப அந்த நாலுல யாரு ஏறுவாங்க?"

போன் அதை ஸ்பானிஷில் சொன்னது. அவன் பட்டியலைப் பார்த்தான். அந்த ஊர்ப் பெயரை வாசிக்கவில்லை. என் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஓத்ரோஸ்" என்றான்.

"மற்றவர்கள்" என்றாள் போன் பெண், அதே மரியாதையான குரலில்.

போனை அவன் கையில் திணித்துவிட்டு எழுந்தேன். தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் வாயில் வந்தது. பாதி அவனைத் திட்டினேன், பாதி ஃபோர்மேனை. அவன் தலையைக் குனிந்து நின்று கேட்டுக்கொண்டான், அர்த்தம் சொல்லும்படி போனைக் கேட்கவில்லை. திட்டித் தீர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நானும் ஆறு நாள் அந்த மற்றவர்களுக்குத்தானே அடித்தகடு ஒட்டினேன். யாரோ ஒரு டிரைவர் என்று இருந்தவரை என் வாய் திறக்கவில்லை. இவனுடைய பிள்ளைகள் என்று தெரிந்த பிறகுதான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் செய்ததும் அதேதான், கூடுதலாக ஒரு கையெழுத்து.

பன்னிரண்டு வண்டிகளும் கப்பலேறின. விசா முடிந்ததும் புதுப்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஃபோர்மேன் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. சார்ஜென்ட் மட்டும் இன்னும் மெசேஜ் அனுப்புகிறான். நல்லா இருக்கியா, சாப்ட்டியா, என் பையன்கள் எல்லோரும் சுகம் என்று. ஒவ்வொரு தடவையும் மற்ற நான்கு வண்டிகளும் எங்கே இருக்கின்றன என்று எழுதுகிறேன். எழுதிவிட்டு அழித்துவிடுகிறேன். கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவான்.